நிழலார் படமும் என் மாமனார் பீரோவும்

நிழலார் படத்தை நான் பார்க்கப் போவதில்லை என்று சத்தியம் செய்தேன். சும்மா உட்கார்ந்தபடி செய்யவில்லை, எழுந்து நின்று செய்தேன். கூட்டத்தில் எழுந்து நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். கூச்ச சுபாவம். கல்யாண போட்டோவிலேயே நான் பாதிதான் தெரிவேன்.

நிழலாரை அறியாத பாவிகளுக்காகச் சொல்கிறேன். அவர் சித்திரக்கதைத் துப்பறிவாளர். மொத்தம் அறுபத்து நான்கு புத்தகங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாவற்றிலும் இரவு, எல்லாவற்றிலும் மழை. நீளக் கோட்டும் தொப்பியுமாகச் சந்து சந்தாக நடப்பார். முகத்தில் பாதி எப்போதும் இருட்டு. சிரிக்கவே மாட்டார், அதிகம் பேசவும் மாட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்து அவ்வளவாக ஏறவில்லை. நிழலார் குறைவாகப் பேசியது எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்தது.

இப்போது நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். கடையில் சட்டம் போடுவது நான். வீட்டில் சட்டம் போடுகிறவர் வேறு.

நிழலாரைச் சினிமாவாக எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் எங்கள் ரசிகர் மன்றம் என் கடையில் அவசரமாகக் கூடியது. மன்றம் என்றால் நான்கு பேர்: நான், பக்கத்துக் கடைத் தையல்காரர், மாடியில் இருக்கும் பல் டாக்டர், ஒரு எலக்ட்ரீஷியன். பல் டாக்டரின் செல்போனில் முன்னோட்டம் பார்த்தோம். பார்த்து முடித்ததும் நால்வரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டில்கூட அதற்குள் யாராவது காப்பி கேட்டிருப்பார்கள்.

"கலர்ல எடுத்திருக்கான்," என்றார் எலக்ட்ரீஷியன். "எங்க பார்த்தாலும் லைட்டு. இவ்வளவு வெளிச்சத்துல கொலைகாரன் எங்க போய் ஒளிவான்? மீட்டர் பெட்டிக்குள்ளயா?"

"கோட்டைப் பாருங்கண்ணே," என்றார் தையல்காரர். "மூணு பட்டன். நிழலாருக்கு ரெண்டுதான்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். தோள்ல பஞ்சு வேற வச்சுத் தச்சிருக்கான். துப்பறியப் போறாரா, கல்யாண வரவேற்புக்குப் போறாரா?"

பல் டாக்டர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். அந்தக் கையால்தான் மறுநாள் யாருக்கோ பல் பிடுங்க வேண்டும். "அதெல்லாம் விடுங்க. சிரிக்கிறான் சார்! அவரு இதுவரைக்கும் ஒரு பல்லு காட்டினதில்ல. இவன் கடவாய்ப்பல் வரைக்கும் காட்டறான்."

"நல்ல பல்லா டாக்டர்?"

"எல்லாம் கட்டின பல்லு!"

அந்தக் கோபத்தில்தான் நான் எழுந்து நின்றேன். மன்றத்தில் ஒருவரும் இந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். அதை நானே எழுதி, நானே தேக்குச் சட்டம் போட்டு, கடைச் சுவரில் மாட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். தீர்மானம் கோணலாக இருக்கக் கூடாது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பார்க்காத படத்தை எப்படிங்க திட்டுவீங்க?" என்றாள்.

"பார்க்காததாலதான் இவ்வளவு தெளிவாத் திட்ட முடியுது."

"பார்த்துட்டீங்கன்னா?"

"பார்க்க மாட்டேன்."

"ஒரு பேச்சுக்கு வைங்க. பார்த்துட்டா, எங்கப்பா வாங்கிக் குடுத்த பீரோவைக் காலி பண்ணிக் குடுப்பீங்களா?"

இங்கே பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவளுக்காக என் மாமனார் வாங்கிக் கொடுத்தது. அதில் அவளுடைய புடவைகள்தான் இருந்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஓர் ஓரமாக நிழலார் உள்ளே நுழைந்தார். பிறகு நகர்ந்து நகர்ந்து, எல்லாத் தட்டுக்கும் வந்துவிட்டார். புடவைகள் கட்டிலுக்கு அடியில் சூட்கேசுக்குப் போயின. அவள் கேட்கும்போதெல்லாம், "புடவை நனைஞ்சா காயும், புத்தகம் நனைஞ்சா போச்சு," என்பேன். பீரோவை விட்டால் வீட்டில் இருக்கிற இடம் பரண் ஒன்றுதான். பரணில் எலி இருக்கிறது. அதற்கு முதல் பதிப்பு, மறுபதிப்பு என்ற வித்தியாசம் தெரியாது.

"தாராளமா எடுத்துக்கோ," என்றேன். பார்க்கப் போவதில்லையே, பிறகென்ன தாராளத்துக்குக் குறைச்சல்?

படம் வந்தது. நான் திட்டினேன். காலையில் பல் துலக்கும்போது இயக்குநரைத் திட்டினேன். சாப்பிடும்போது கதாநாயகனைத் திட்டினேன். குளிக்கும்போது மட்டும் இசையமைப்பாளர். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரருகிட்ட யாரும்மா இப்படிக் கடன் வாங்கிட்டு ஏமாத்தினது?" என்று விசாரித்தாராம்.

ஆனால் திட்டுகிறவனுக்கும் ஒரு நேர்மை வேண்டும். முன்னோட்டத்தில் பார்த்த தப்புகளையே எத்தனை நாள் திட்டுவது? படம் முழுக்க எத்தனை தப்பு என்று துல்லியமாகத் தெரிந்தால் துல்லியமாகத் திட்டலாம். இதை ரசனை என்று சொல்லக் கூடாது. தணிக்கை என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமை கண்ணாடித் தகடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தணிக்கைக்காகக் காலைக் காட்சிக்குப் போனேன். தலையில் குல்லா, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். ஊரே வியர்த்துக்கொண்டிருந்தது.

தியேட்டரில் கூட்டமில்லை. முன்வரிசையில் ஒருவர் வாயை மூடிப் பச்சைத் துணிமுகமூடி கட்டியிருந்தார். அது பல் டாக்டர்கள் கட்டுவது. ஓரத்தில் ஒருவர், திரையில் கோட்டு வந்தபோதெல்லாம் 'ச்சே' என்றார். பின்னால் ஒருவர் மேலே எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் நாங்கள் நால்வரும் நான்கு திசையில் சுவரைப் பார்த்தபடி நின்றோம். ஒருவருக்கு ஒருவரைத் தெரியவில்லை. மன்றத்தின் ஒற்றுமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

படம் எப்படி என்கிறீர்களா? தப்பு, தப்பு, தப்பு. பாட்டு வேறு. ஆனால் கடைசியில் நிழலார் மழையில் தனியாக நடந்து போனார். அறுபத்து நான்கு புத்தகத்தில் அந்த மழைக்குச் சத்தம் கிடையாது. கோடுதான். அன்று முதல் தடவையாக அந்த மழையைக் காதால் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏசி கொஞ்சம் அதிகம்.

வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். கடையிலிருந்து வந்தபோது மனைவி நல்ல புடவையில் இருந்தாள். எதிர்வீட்டு அக்காவோடு வெளியே போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"உங்க நிழலாரைப் பார்த்துட்டு வந்தோம்," என்றாள், தட்டு வைத்தபடி. "நீங்க திட்டற அளவுக்கு ஒண்ணும் மோசமில்லீங்க. கோட்டுல ரெண்டே பட்டன்தான். தையல்காரரு சும்மா சொல்லியிருக்காரு."

"மூணு," என்றேன். உடனே சுதாரித்துக்கொண்டேன். "முன்னோட்டத்துலயே பார்த்தோம்."

"அப்படியா? அந்தப் பொண்ணை நல்லவளா காட்டியிருக்கான். பாவம்."

"அவ நல்லவ இல்ல." நாக்கு முந்திக்கொண்டது. "புத்தகத்துல."

"புத்தகத்துலயா? சரி, சரி. குழம்பு ஊத்தட்டுமா?"

ஊற்றினாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்தேன்.

"ஒண்ணு சொல்லணுங்க. துப்பாக்கியில ஆறு குண்டுதான், ஆறுக்கு மேல நிழலாரு சுட மாட்டாருன்னு சொல்வீங்கல்ல? படத்துலயும் அதே மாதிரிதான். நான் எண்ணினேன். சரியா ஆறு."

"என்னது?"

"ஆறு. கணக்கு சுத்தம். உங்களை மாதிரி ஒருத்தன்தான் எடுத்திருப்பான்னு நினைக்கிறேன்."

என்னைப் பற்றி எது சொன்னாலும் தாங்குவேன். தாங்கித்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. என் கண் முன்னால் எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னால் எப்படி?

"ஆறா?" கையில் சோற்றோடு எழுந்துவிட்டேன். "ஒன்பது! பாலத்துமேல மூணு. படிக்கட்டுல நாலு, அதுல ஒண்ணு குறி தவறி விளக்குல பட்டுது. கடைசியில ரெண்டு. நடுவுல ஒரு தடவைகூட குண்டு மாத்தல! நீ எண்ணின லட்சணம்!"

சோறு கையிலிருந்து உதிர்ந்தது.

"உக்காந்து சாப்பிடுங்க," என்றாள்.

உட்கார்ந்தேன். "நீ எந்தத் தியேட்டர்ல பார்த்தே?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"தியேட்டரா? அக்காவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டதுல அவங்களுக்கு நானே சரியாத் தெரியல. இதுல நிழலாரு எங்க தெரியப் போறாரு?"

"அப்புறம் எப்படி..."

"படம் வந்ததுலேர்ந்து விடிஞ்சா திட்டு, அடைஞ்சா திட்டு. வெள்ளிக்கிழமை கண்ணாடித் தகடு வாங்கப் போனீங்க. தகடும் வரல, அதோட திட்டும் நின்னு போச்சு. ஒரு படத்தைப் பார்க்காதவங்கதானேங்க அவ்வளவு மும்முரமாத் திட்டுவாங்க?"

நிழலார்கூட இவ்வளவு சீக்கிரம் துப்புத் துலக்கியதில்லை. அவருக்குக் குறைந்தது நாற்பது பக்கம் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுப் பீரோவைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பாலித்தீன் பையில் சுற்றினேன். அவள் பக்கத்தில் நின்று பழைய துணியால் தட்டைத் துடைத்தாள். முகத்தில் வெற்றிச் சிரிப்பு இருந்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். அதுவும் இல்லை.

"ஏங்க, அந்தக் கடைசி ரெண்டு குண்டு யாரு மேல?"

நான் அடுத்த கட்டைச் சுற்றினேன். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது.

"கொலைகாரன் மேலதானே? போஸ்டர்ல இருக்கானே, அந்த டாக்ஸி டிரைவர்தானே கொலைகாரன்?"

"டாக்ஸி டிரைவரா?" என்று சீறினேன். "அவன் இடைவேளைக்கு முன்னாடியே செத்துட்டான்! கொலைகாரன் போலீஸ் கமிஷனர்!"

அவள் முதல் புடவையைத் தட்டில் வைத்தாள்.

"நல்லதாப் போச்சு, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. நாளைக்கு நானும் அக்காவும் வேற படத்துக்குப் போறோம்."