அமலோற்பவத்தை எடுத்த கதை

மரவள்ளத்துக்குச் சாவு உண்டு. உளுத்து, பலகை பலகையாகப் பிரிந்து, கடைசியில் யாருடைய அடுப்பிலாவது மீன்குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டுப் போய்ச்சேரும். ஃபைபர் வள்ளத்துக்கு அந்த யோகம் இல்லை. வயதாகும், ஓட்டை விழும், ஆனால் சாகாது. அதைச் சாகவைக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை ஏற்றவன் நான். ஏற்ற வேகத்தில், உயிரோடிருந்த ஒருவரையும் சேர்த்துச் சாகடித்துவிட்டேன்.

(பதற வேண்டாம். அவர் இப்போதும் நலம். இந்தக் கட்டுரையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் சேலையின் நிறத்தை நான் எழுதவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். பச்சை.)

நான் அருமனைக்காரன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். எதைக் கேட்டாலும் அது எப்போது நடந்தது என்று கேட்பது என் வியாதி. எந்தப் பாலத்தை எப்போது திறந்தார்கள், எந்த வெள்ளம் யார் வீட்டு எத்தனையாவது படிவரை ஏறியது என்றெல்லாம் விசாரித்து எழுதிவைப்பேன். அப்படிப்பட்ட ரப்பர் தோட்டத்து ஆசாமி, அதுவும் புராட்டஸ்டன்ட் சபைக்காரன், பெண்ணெடுத்தது முட்டத்துக் கத்தோலிக்கக் கடற்கரையில். அவர்கள் என்னை மருமகனாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு வேலையும் தரவில்லை. வலையில் கைவைக்கப் போனால், "சாரு கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அதுதான் வருத்தம்.

என் மாமியாரின் பெயர் அமலோற்பவம். சுனாமிக்கு அடுத்த வருடம் மாமா வாங்கிய ஃபைபர் வள்ளத்தின் பெயரும் அதுவே. நீல உடம்பில் மஞ்சள் எழுத்து. அந்தக் கரையில் வள்ளத்தை வள்ளம் என்று யாரும் சொல்வதில்லை. "அமலோற்பவம் வந்தாச்சா?", "அமலோற்பவத்துக்கு இன்னைக்கு நல்ல கோளு" (கோளு என்றால் மீன்பாடு) என்று பெயர் மட்டும்தான். மாமா போனபிறகு அது வீட்டுக்கு முன்னால் மணலில் கவிழ்ந்து கிடந்தது. உச்சி வெயிலில் ஆடுகள் அதனடியில் படுத்துக்கொள்ளும். நானும் ஒருநாள் உள்ளே ஊர்ந்து போய்ப் படுத்துப் பார்த்தேன். தேய்ந்துபோன ஃபைபரில் வெயில் ஊறி, உள்ளே முழுக்கத் தேன் நிற வெளிச்சம். அலைச் சத்தம் வெளியிலிருந்து வராமல் வள்ளத்துக்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது. அது இன்னும் கடலில்தான் இருக்கிறது, நாங்கள்தான் கரையில் நிற்கிறோம் என்று தோன்றியது. (வெளியே வந்தபிறகு இரண்டு நாள் உடம்பெல்லாம் அரிப்பு. ஃபைபர் தூள்.)

அந்தத் தூள்தான் பிரச்சினை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சொறிய ஆரம்பித்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார்கள் சிலர். கல்லைக் கட்டி ஆழ்கடலில் தாழ்த்தச் சொன்னார்கள் வேறு சிலர். முட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்க அருமனைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த மாமி, ஒரு ராத்திரி கஞ்சி குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"எரிக்கப்பிடாது, மருமவனே. அவரு ஓட்டின கடல்ல குப்பையாட்டு போடவும் பிடாது. அது எனக்க பேராக்கும். கௌரவமா அனுப்பி வை."

அந்தக் கரையிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை. நான் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாகப் படித்துவைத்திருந்தேன். ஃபைபரை எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் எத்தனை தலைமுறை ஆனாலும் மக்காது. தண்ணீர் விட்டுத் தூள் பறக்காமல் அறுத்து, சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புவதே உள்ளதில் நல்ல வழி. அங்கே ஃபைபரின் பிசின் விறகாக எரியும், கண்ணாடி இழை சிமெண்டோடு சேர்ந்துவிடும். கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு ஆக்கர்க் கடைக்காரர், அதாவது பழைய சாமான் எடுப்பவர், அறுத்து ஆலைக்கு அனுப்பச் சம்மதித்திருந்தார். மறுநாளே செய்துவிடுவது என்று அந்த ராத்திரி முடிவானது. லாரியும் கிடைத்தது. தூக்கி ஏற்ற ஆள்தான் வேண்டும்.

காலையில் கோயில்பிள்ளை சூசைக்கு ஃபோன் செய்தேன். முட்டத்தில் கோயில் மைக்கில் அறிவிப்புச் சொல்வதும் மணியடிப்பதும் அவர்தான். நாளும் நேரமும் தெளிவாகச் சொன்னால் உலகத்தில் எந்தக் குழப்பமும் வராது என்று நம்பிய காலம் அது.

"இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அமலோற்பவத்த எடுக்கோம். மைக்கில ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சூசை குரலைத் தாழ்த்தினார். "எப்பம் சாரே?"

"நேத்து ராத்திரிதான் முடிவாச்சு."

"நல்லாத்தானே இருந்துது?"

(எங்கள் பக்கத்தில் வயதான பெண்களைப் பாசமாகப் பேசும்போது அது, இது என்போம். இந்த இலக்கணக் குறிப்பு எனக்குத் தெரியும். அப்போது ஞாபகம் வரவில்லை.)

"எங்க நல்லா இருந்துது? கொஞ்ச காலமா ஒரே கிடப்புதானே" என்றேன்.

"வீட்டு நடையில இருந்துதானே எடுப்பு?"

"பின்னே? அங்கதானே கிடக்கு."

"அடக்கம் நம்ம கல்லறையிலதானே?"

வள்ளத்துக்கு அடக்கம் என்று நகைச்சுவையாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு பொறுப்போடு விளக்கினேன். "இங்க புதைக்கது மண்ணுக்குக் கேடு. லாரியில கொண்டு போறோம்."

மறுமுனையில் ஃபோன் மெதுவாக வைக்கப்பட்டது.

மத்தியானம் நான் லாரியில் கிளம்பினேன். மாமியும் என் மனைவி ஷைனியும் பஸ்ஸில் கருங்கல் வழியாக வருவதாக ஏற்பாடு. மாமிக்கு அங்கே ஒரு மாலை வாங்க வேண்டும், வள்ளத்துக்குப் போட. ஷைனியின் ஃபோன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. என் ஃபோன் பையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, லாரிச் சத்தத்தில் நான் கேட்கவில்லை. ரப்பர் மரங்களின் நிழல் கண்ணாடிமேல் அலையலையாக விழுந்து போய்க்கொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில், நாங்கள் ஒரு பச்சைக் கடலின் அடியில் போவதாகவும், மேலே எங்கோ மாமா வள்ளம் ஓட்டுவதாகவும் கண்டேன். கண் விழித்தபோது லைட்ஹவுஸ் தெரிந்தது. கோயிலில் துக்கமணி அடித்தது.

ஐயோ பாவம், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். டிரைவரிடம் சொல்லிப் பாட்டை நிறுத்த வைத்தேன். அடுத்த கவலை, ஆளெல்லாம் அங்கே போய்விட்டால் நமக்குத் தூக்க யார் வருவார்கள் என்பது.

வந்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. பூட்டிய வீட்டுக்கு முன்னால் பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தின் மேல், வேறு இடமில்லாமல், மலர்வளையங்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வள்ளத்துக்கு இத்தனை மரியாதையா. கடற்கரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும், என்ன எழுதிக் கிழித்தேன் என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

மாமியின் தம்பி பெர்னதாஸ் லாரிக்குக் குறுக்கே நின்றார். மதில் தகராறில் அக்காவோடு பேச்சை விட்டவர். அடுத்த வீட்டில் இருந்தும் வருடக்கணக்கில் அந்த முற்றத்தை மிதிக்காதவர்.

"எங்க அக்கா எங்க மண்ணுலதான் கிடக்கும்" என்றார். "உங்க சபைக் கல்லறைக்கு விடமாட்டோம்."

வள்ளத்தை அக்கா என்கிறார், என்ன பாசம் என்றுதான் அப்போதும் தோன்றியது. கல்லறை என்றது காதில் விழுந்தது, மூளைவரை போகவில்லை. வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது.

"மண்ணுல போட்டா மக்காது, மாமா. தண்ணி விட்டு துண்டு துண்டா அறுத்து, சிமெண்ட் சூளையில போடணும். அதாக்கும் இப்பம் முறை."

ஒரு பெண் அப்படியே மணலில் சாய்ந்தாள். பெர்னதாஸ் என் சட்டைக் காலரைப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர். அந்தக் கண்ணீரைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல, மிக மெல்ல, திரும்பிப் படுத்தது. அமலோற்பவம். எடுக்கிறோம். நாலு மணி.

எல்லாச் சத்தமும் எங்கோ போய்விட்டது. கடல் மட்டும் மினுங்கியது. அந்த மினுக்கத்துக்குள்ளிருந்து வருவதுபோல, பச்சைச் சேலையில், கையில் ஒரு மாலையோடு, முட்டுவலியால் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து மாமி நடந்து வந்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மாமி மலர்வளையங்களைப் பார்த்தார். "ஆரு மக்கா போனது?"

எல்லாரும் சூசையைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் சூசைதான், கணக்குத் தப்பிய பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நீங்களாக்கும், அக்கா."

மாமி என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன். பிறகு அவர் வள்ளத்தருகே போய், மலர்வளையங்களை ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். (அப்படியொரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?) பெரிய வளையத்தின் முன்னால் நின்று, "இது ஆருக்க?" என்று கேட்டார்.

பெர்னதாஸ் என் காலரை விட்டார்.

"செத்தாத்தான் வருவியாலே?" என்றார் மாமி. பெர்னதாஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமி அவர் தோளில் கையை வைத்தபடி, கையிலிருந்த மாலையை மஞ்சள் எழுத்தின்மேல் போட்டார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "நாலு மணியாச்சு. வந்தவங்க சும்மா போவாண்டாம், எடுங்க" என்றார்.

எடுத்தார்கள். நான் தேடியிருந்தால் அத்தனை தோள்கள் கிடைத்திருக்காது. எனக்கும் ஒரு மூலை கொடுத்தார்கள். ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை. கோயிலில் பையன் அடிக்கும் மணியை நிறுத்தச் சொல்லவா என்று சூசை கேட்டதற்கு, "அடிச்சது அடிச்சாச்சு, அது போறதுவர அடிக்கட்டும்" என்றார் மாமி. அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மலர்வளையங்களோடு, கவிழ்ந்தபடியே, அமலோற்பவம் தென்னந்தோப்புகளுக்கு இடையே மிதந்து போனது. எதிரே வந்த பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன.

இப்போது என் குடும்பத்தில் யாரும் என் முன்னால் "எடுக்க" என்ற சொல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்துவதில்லை. "மாமி, நாளைக்கு வந்து உங்கள பைக்கில எடுத்துக்கிடுதேன்" என்றால், "எத்தன மணிக்கு? கோயில்பிள்ளைட்ட சொல்லியாச்சா?" என்று கேட்பார்.

அமலோற்பவம் அறுபட்டுச் சிமெண்ட் சூளைக்குப் போனபிறகு, பெர்னதாஸ் அந்த மதிலை இடித்து, நடுவில் ஒரு கேட் வைத்துப் புதிதாகக் கட்டினார். பூசி முடித்த அன்று நான் போயிருந்தேன். சாயங்கால வெயிலில் சிமெண்ட் நீலமாகத் தெரிந்தது. மாமி ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதுல நான் எத்தன கரண்டி இருப்பேன், மருமவனே?"