ராணிக்குப் பொருந்தாத முகம்

எகிப்தின் லக்ஸரில் ஆண்டுதோறும் நைல் விழா நடக்கும். அந்தக் காலத்து ராணி வேஷத்தில் ஒருத்தி படகில் வந்து வெளிநாட்டு விருந்தினருக்குக் கையசைப்பாள். இந்த உயரிய பொறுப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது.

எங்கள் தெரு நாடக டீச்சர் தவ்ஹிதாவுக்கு ராணியாக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. போனாள்.

குழுத் தலைவர் முனீர் அவளைப் பார்த்தார். மேசைமேலிருந்த படத்தைப் பார்த்தார். பாரீஸை விட்டு நகராத ஓவியர் ஒருவர் வரைந்தது. அதில் ராணி தோலுரித்த பாதாம்போல வெளுத்து, மெத்தையில் சாய்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்களுக்கு எகிப்து முகம் இல்லை."

"எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த ஊருதான் சார்."

"அதான் சொல்றேன். உள்ளூர்ச் சாயல் அடிக்குது."

"அக்கரைல கல்லறைச் சுவத்துல ராணி இருக்காளே! என் நிறம், என் மூக்கு. வந்து பாருங்க."

குழு நேர்மையானது. படகேறிப் போய் விளக்குப் பிடித்துப் பார்த்தது. அதே நிறம். அதே மூக்கு.

திரும்பும்போது முனீர் தீர்ப்புச் சொன்னார். "சுவத்துல வரைஞ்சவன் ராணியை நேர்ல பாத்திருக்கான். பயத்துல கை நடுங்கியிருக்கும். பாரீஸ்காரருக்கு அந்தத் தொந்தரவே இல்லை."

ஆயினும், உள்ளூர்த் திறமையை ஊக்குவிக்கும் பொருட்டு, நிறத்தைத் திருத்திக்கொள்ளும் நிபந்தனையோடு தவ்ஹிதா ராணியாக நியமிக்கப்பட்டாள். ஆசை யாரை விட்டது? பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை நீட்டினாள். கழுத்துவரை வெள்ளை பூசினார்கள்.

"நிக்கட்டுமா சார்?"

"ராணிங்க நிக்க மாட்டாங்க. படத்தைப் பாருங்க. படுங்க."

விழாவன்று படுத்தபடியே கையசைத்தாள். பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் முனீரிடம் முகம் சுளித்தாள். "எங்க ஊர்ப் பொண்ணைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? எகிப்துப் பொண்ணு ஒருத்திகூடக் கிடைக்கலையா?"

"ஒருத்தி வந்தாங்கம்மா," என்றார் முனீர். "தகுதி பத்தலை."

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத மாப்பிள்ளை வீட்டார் தவ்ஹிதாவைப் பெண் கேட்டு வரிசையாக வந்தார்கள். முதலில் வந்த அம்மாள் கையில் பத்திரிகை இருந்தது. தேநீர்த் தட்டோடு வந்த தவ்ஹிதாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படத்துல இருக்கிற பொண்ணு எங்கம்மா?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்," என்றாள் தவ்ஹிதா.

வந்தவள் எழுந்துவிட்டாள். தவ்ஹிதாவின் அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணை வரவழைச்சிடறேன்."

வந்தவள் உட்கார்ந்தாள்.