காட்டில் சாப்பிட்டது கணக்கில் சேராது

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
12 ஜூலை 1999

மதிப்பிற்குரிய சேனாபதி ஐயா அவர்களுக்கு,

நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி பவளமும் மகள் பிரீத்தியும் கொசுக்கடித் தழும்புகள் நீங்கலாக நலமாக இருக்கிறோம். கோபிசெட்டிபாளையத்தில் தாங்களும் மரகதம் அம்மாவும் நலமாக இருக்க மாசாணியம்மன் துணையிருப்பாள். தங்களைச் சம்பந்தி என்று அழைக்க இன்னும் வேளை வரவில்லை என்பதால் ஐயா என்று எழுதியிருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

நேற்றுக் காலை மரகதம் அம்மா ஃபோன் செய்து, "தம்பி பையிலிருந்து சாப்பிட்டீங்கன்னு சொன்னானுங்க, அப்பக் கை நனைச்ச மாதிரிதானுங்க, ரொம்பச் சந்தோசமுங்க. மண்டபத்துக்குச் சொல்லி வெச்சிரலாமுங்களா?" என்றார்கள். பிறகு கூப்பிடுகிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். பேச்சு முடிகிற வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சோற்றில் கை நனைப்பதில்லை, நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம் என்பதெல்லாம் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் மகன் ரஞ்சித்குமார் கொண்டுவந்த சாப்பாட்டை நான் சாப்பிட்டது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் எந்த நிலைமையில் சாப்பிட்டேன் என்று தெரிந்தால் தாங்களே அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெண் பார்க்கும் காரியம் கோஸ்டா ரிகா மழைக்காட்டில் நடந்ததே என் விருப்பமல்ல. பிரீத்தி எட்டு வயதில் அமெரிக்காவுக்கு வந்த பெண். "அப்பா, ஒரு காஃபி குடிச்சிட்டு ஒருத்தரை நான் எப்படி டிசைட் பண்றது? ட்ரெக் போனா தெரிஞ்சுடும்" என்றாள். அவள் வருடா வருடம் மலை, காடு என்று போகிறவள். இந்த வருடம் இந்தக் காடு. தங்கள் மகனும் டெக்சாஸ் பிளானோவிலிருந்து வருவதாக உடனே சொல்லிவிட்டார். பெண்ணையும் பையனையும் தனியாகக் காட்டுக்கு அனுப்பும் அளவுக்கு நான் இன்னும் அமெரிக்கன் ஆகிவிடவில்லை, ஆகவே நாங்களும் கிளம்பினோம். நான் நடக்கிறதெல்லாம் மளிகைக் கடைக்குள்தான், கடை வரைக்கும் காரில் போவேன். விமான நிலையத்தில் தங்கள் மகன் ஒரு முதுகுப்பையும், கக்கத்தில் ஒரு ரைஸ் குக்கருமாக வந்து நின்றார். காட்டுக்குக் குக்கரோடு வருகிற பையனைப் பற்றி என்ன நினைப்பது என்று அப்போதே குழம்பினேன்.

மறுநாள் நடை. பவளத்துக்கு முழங்கால் வலி, விடுதியிலேயே இருந்துவிட்டாள். விடியற்காலையில் அந்தக் குக்கரை இரவல் வாங்கிப் புளிசாதம் கிளறிப் பொட்டலம் கட்டியிருந்தாள். நான் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், நம்ம சாப்பாடு நம்ம பையில்தான் வர வேண்டும், அதை நான்தான் சுமப்பேன், நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று. அவளும் தலையாட்டினாள். பை நினைத்ததைவிட லேசாக இருந்தது. உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஐயா, அந்தக் காட்டில் மழை பெய்கிறது என்று சொல்ல முடியாது, மழைக்கு நடுவில் கொஞ்சம் காடு இருக்கிறது. முழங்கால் வரை சேறு, காலை எடுத்தால் ஷூ வருவதில்லை, ஷூவை எடுத்தால் சாக்ஸ் வருவதில்லை, பிடித்துக்கொள்ளலாம் என்று மரத்தைத் தொட்டால் அதில் முள் இருக்கிறது, முள் இல்லாத மரத்தில் எறும்பு இருக்கிறது, எறும்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால் தலைக்கு மேலே சிறுத்தை உறுமுகிறது. நான் என் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். தங்கள் மகன், "குரங்குங்க அங்கிள். சத்தம்தான், ஒண்ணும் பண்ணாது" என்றார். அது வாஸ்தவம்தான், உறுமிய குரங்கு ஒன்றும் செய்யவில்லை. நான் பையைக் கீழே வைத்து ஷூவிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது, சத்தமே போடாத வெள்ளை மூஞ்சிக் குரங்கு ஒன்று இறங்கி வந்து, பையை எடுத்துக்கொண்டு மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. என் மஃப்ளர், அமிர்தாஞ்சனம், எங்கள் மூன்று பேருக்கான புளிசாதம், எல்லாம் போயிற்று. நான் பதறுகிறேன், தங்கள் மகன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "போனாப் போகுதுங்க அங்கிள்" என்கிறார். ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. என் மகள் சிரிக்கிறாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டின் மேல் இவ்வளவுதான் மதிப்பா என்று அப்போதே மனதுக்குள் ஒரு குறை வைத்தேன்.

அடுத்தது ஓடை. இடுப்பளவு தண்ணீர், நல்ல இழுப்பு. தங்கள் மகன் என் மகளை அவள் பாட்டுக்கு இறங்க விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை விட்டுவிட்டு அவள் அப்பனைப் பிடிக்கிற பையன் எப்படிப்பட்டவன் என்று பிரீத்தியிடம் பிறகு கேட்டேன். "அப்பா, எனக்கு நீச்சல் தெரியும். உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

அதற்கப்புறம் வந்த ஓடையைத் தாண்டவே முடியவில்லை. திரும்பலாமென்றால் முதல் ஓடையும் பெருகிவிட்டது. வனக்காவலர்களின் காலிக் குடிசை ஒன்றில் ராத்தங்கினோம். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். தங்கள் மகன் தம் பையைத் திறந்து அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலங்களை எடுத்தார். பிரித்தால் புளிசாதம். அவரும் புளிசாதமே கட்டி வந்திருக்கிறார்! பிரயாணம் என்றால் நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? "சாப்பிடுங்க அங்கிள்" என்றார். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியுமா? "வயிறு சரியில்லை தம்பி" என்றேன். உடனே உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கணக்கில் வராது, காபியே வராதபோது தண்ணீர் எங்கே வரும், ஆகவே குடித்தேன். அவர் ஒன்றைச் சாப்பிட, பிரீத்தியும் ஒரு பொட்டலத்தை வழித்துச் சாப்பிட்டாள். சின்னஞ்சிறுசுகள் சாப்பிடுவதும் கணக்கில் வராது.

காலையிலும் மழை விடவில்லை. மிச்சப் பொட்டலங்கள் என் முகத்துக்கு நேரே ஒரு பலகையில் இருந்தன. பெருங்காய வாசனை வந்துகொண்டே இருந்தது, ஐயா. கடைசியில் "ஒரு வாய் மட்டும் பாக்கறேன் தம்பி" என்றேன். இருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டேன். ஆனாலும் மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை. "உப்பு கொஞ்சம் தூக்கல். எங்க வீட்டுல இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர், "அடுத்த தடவை கொறச்சுக்கறேனுங்க அங்கிள்" என்றார். ஆகவே அது பசிக்கு உண்டதே தவிர, சம்மதத்துக்கு உண்டதல்ல.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரீத்திக்குப் பிடித்துவிட்டது. "எனக்கு ஓகேப்பா, நீங்க சொல்லுங்க" என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் வாய் வரவில்லை. எங்களுக்கு அவள் ஒரே பெண். பத்து நிமிஷத் தூரத்தில் அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறாள். வேலை முடிந்து போகிற வழியில் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போவாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். பிளானோவிலிருந்து அப்படி வர முடியுமா? அவள் நிற்கிற இடம் காலியாகிவிடும் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நியூ ஜெர்சியிலேயே ஒரு வரன் அமையாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆகவே தயவுசெய்து மண்டபத்துக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் முடிவு இன்னும் சொல்லப்படவில்லை என்றே கொள்ளவும்.

மரகதம் அம்மாவுக்கு என் வணக்கம். ரஞ்சித்குமாருக்கு எது அமைந்தாலும் நல்லதே அமைய வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
நஞ்சுண்டன்

பி.கு.: உறையில் போடுவதற்குமுன் பவளத்திடம் படிக்கக் கொடுத்தேன். குரங்கு வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தாள். உப்பு தூக்கல் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது என் புளிசாதம்" என்றாள்.

என் முதுகுக்கு ஆகாது என்று, நான் பல் தேய்க்கப் போன நேரத்தில், பொட்டலங்களை என் பையிலிருந்து எடுத்துத் தங்கள் மகன் பையில் வைத்துவிட்டாளாம். "தெரிஞ்சா மனுசன் சண்டைக்கு வருவாரு, சொல்லிராதீங்க தம்பி" என்று அவரிடமும், பிரீத்தியிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். குரங்குக்குக் கிடைத்தது மஃப்ளரும் அமிர்தாஞ்சனமும்தான். ஆக நான் சாப்பிட்டது எங்கள் வீட்டுச் சோறு. குக்கர் மட்டும் அவருடையது. குக்கரைக் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்டேன், பவளம் முறைத்தாள். முறைப்படி பார்த்தால் கை நனைத்தவர் தங்கள் மகன்தான்.

நான் கை நனைக்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தச் சேற்றில் என் சுமையையும் முதுகில் போட்டுக்கொண்டு, ஓடையில் என் கையையும் பிடித்துக்கொண்டு வந்து, கடைசியில் என் மனைவி போட்ட உப்புக்கும் தாமே பழியை ஏற்று, அடுத்த தடவை குறைத்துக்கொள்வதாகச் சொன்ன பையனை நான் எந்த ஊரில் போய்த் தேடுவேன்? பிளானோ தூரம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "கிழிக்கக் கூடாது, அவங்களும் படிக்கட்டும்" என்று பவளத்தின் உத்தரவு. அடுத்த மாதம் பிளானோவுக்கு வருகிறோம். மாப்பிள்ளையை அவர் கையாலேயே ஒரு வேளைச் சோறு ஆக்கி வைக்கச் சொல்லுங்கள். முறைப்படி கை நனைக்கிறேன். உப்பைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

மண்டபத்துக்குச் சொல்லிவிடுங்கள், சம்பந்தி.