ஊருக்கு ஒரு சைலென்சர்

சைலென்சர் பொருந்தவில்லை.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த விசில், இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு வலது கையால் போல்ட்டைத் தேடினான். துரு கண்ணில் விழுந்தது. மதியத்துக்குள் கார் அரசாங்கப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். பாஸானால் கார் வீட்டில் இருக்கும், ஃபெயிலானால் விற்கப்படும். மனைவி அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான். ஆட்டிய அதே தலையை இப்போது வண்டியின் அடிப்பாகத்தில் இடித்துக்கொண்டிருந்தான்.

விசில் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. காரின் சத்தம் அவனுக்கு வாங்கிக் கொடுத்த பட்டம். காது மந்தமானவர்களுக்குக் கேட்கும் கருவி பொருத்துவது அவன் தொழில். நன்றாகக் கேட்கிற காதுகளை மந்தமாக்குவது அவன் பொழுதுபோக்கு என்பாள் மனைவி. இரண்டும் ஒரே வியாபாரம்தான் என்பான் மச்சான்.

அது ஒரு பழைய ஜப்பான் கார். வந்தபோது சாதுவாகத்தான் இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை ஊதித் திணிக்கும் டர்போ ஒன்று உள்ளே இருந்தது. போதவில்லை என்று விசில் பெரிய டர்போ வைத்தான். காற்று கூடியதும் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக்கினான். இரண்டும் கூடியதும் புகை போக வழி போதவில்லை. பெரிய குழாய் போட்டான். கடைசியாக, எதற்கென்று அவனுக்கே தெரியாமல், காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தினான். ஒரு பல் ஆடியதற்குத் தாடையையே மாற்றிய மனிதர் என்று மனைவி தன் தோழிகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அவளுடைய அண்ணனிடம் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று இருந்தது. அதை எப்படியாவது தங்கையின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்பது மச்சானின் லட்சியம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், மிச்சம் ஐந்து சீட்டில் யார் உட்காருவது என்று விசில் ஒருமுறை கேட்டான். "நிம்மதியா கால நீட்டுங்க மாப்பிள்ளை" என்றான் மச்சான்.

இத்தனைக்கும் நடுவில் விசிலின் ஒரே நம்பிக்கை, கையில் இருந்த அந்தச் சைலென்சர்தான்.

ஊரில் இந்த மாடல் கார் வைத்திருந்த அத்தனை பேரும் கம்பெனி சைலென்சரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டவர்கள். இப்போது அது எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. சத்தமே போடாது என்பதால் அதற்குச் சாமியார் என்று பெயர். யாருக்குப் பரிசோதனை நாள் வருகிறதோ அவர் வீட்டுக்குச் சாமியார் போர்வை போர்த்திக்கொண்டு வருவார். கார் பாஸானதும் அன்று மாலையே கிளம்பிவிடுவார். இந்த யாத்திரையை நடத்தி வைப்பவர் வைத்தியர். அவர் ட்யூனிங் ஷெட் வைத்திருந்தார். எஞ்சின் முனகினால் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை அதன் மேலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்பார். அதனால் வைத்தியர். சாமியார் யாரிடமிருந்து வருகிறார், யாரிடம் போகிறார் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

விசில் அவருக்கு போன் போட்டான். குழாயின் வாய் பெரிதாகவும் சாமியாரின் வாய் சின்னதாகவும் இருக்கிறது என்றான். இடைவெளியில் இரும்பு நாரைத் திணித்து மேலே சூடு தாங்கும் பேஸ்ட் பூசச் சொன்னார் வைத்தியர். பூசினான். வண்டியைக் கிளப்பினான்.

சாமியார் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பூசிய இடத்தில் ஒரு பொட்டுத் துளை இருந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் அதன் வழியாக ஒரு விசில் வந்தது. கொதிக்கிற கெட்டில் மாதிரி, ஆனால் கெட்டிலை யாரும் இறக்கி வைக்க முடியாத மாதிரி.

இங்கேதான் விசிலுக்கு ஒரு யோசனை வந்தது. சைலென்சர் ஒரிஜினல் ஆகிவிட்டது. எஞ்சினை ஆட்டிப்படைக்கும் கம்ப்யூட்டரிலும் கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய கணக்கையே ஏற்றிவிட்டால் டர்போ மெதுவாக ஊதும், சத்தமும் அடங்கும், மனைவியிடம் "முழுக்க ஒரிஜினல்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லவும் செய்யலாம். லேப்டாப்பைக் கொண்டுவந்து ஏற்றினான். விசில் சத்தம் நிஜமாகவே குறைந்தது. லேப்டாப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு, கிளினிக்கில் போடும் வெள்ளைக் கோட்டைக் கம்பி ஹேங்கரோடு பின்சீட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். பரிசோதனை முடிந்து நேராக வேலைக்குப் போவதாகத் திட்டம்.

பின்னால் மச்சானின் ஏழு சீட்டு வண்டி. அதில் மனைவி. முடிவைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஃபெயிலானால் அப்படியே சாவியை மாற்றிக்கொள்ளலாம் என்று மச்சான் சொல்லியிருந்தான்.

தெருமுனை தாண்டவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் மச்சானும் இல்லை, வண்டியும் இல்லை, தெருவும் இல்லை. கறுப்பாக ஒன்று எழும்பி எல்லாவற்றையும் மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு வைப்பர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

போன் அடித்தது.

"என்னங்க, வண்டி எரியுதா?"

"இல்லம்மா. ஒரிஜினல்ல இப்படித்தான் இருந்திருக்கு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"உனக்கு முன்னாடிதான்."

"அண்ணன் லைட்டு போட்டிருக்கான். காலைல பத்து மணிக்கு."

விசில் ஓரம் கட்டிவிட்டு வைத்தியரைக் கூப்பிட்டான். செய்ததைச் சொன்னான்.

"பெரிய இன்ஜெக்டருக்கு பழைய கணக்கா? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா, நீயாவே செஞ்சியா?"

"நானேதாண்ணே."

"அதானே பாத்தேன். சொல்லிக் குடுத்தா இவ்வளவு சுத்தமா வராது."

விஷயம் இதுதான்: கம்ப்யூட்டர் கையில் இருப்பது கரண்டி என்று நினைத்து ஊற்றுகிறது, இருப்பதோ அகப்பை. எஞ்சின் பெட்ரோலில் நீச்சலடிக்கிறது. லேப்டாப்போடு நேராகப் பரிசோதனை மையத்துக்கே வருவதாகச் சொன்ன வைத்தியர், அதுவரை எதையும் தொடாதே என்றார். சாமியாரை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள், சாயந்திரம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியது என்றும் சொன்னார்.

எதையும் தொடாதே என்று சொன்னால் கேட்கிற ஆளாக இருந்தால் விசில் இந்தக் காரே வைத்திருக்கமாட்டான். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு திருப்பு திருப்பினான். புகை நின்றது. எஞ்சினும் நின்றது.

மறுபடி கிளப்பினான். காலை எடுத்தால் அணைந்தது. அதனால் வலது காலை ஆக்ஸிலரேட்டரிலேயே வைத்துக்கொண்டு, க்ளட்ச் வேண்டாத நேரமெல்லாம் இடது காலால் பிரேக் போட்டு ஓட்டினான். ஹார்மோனியத்தைக் காலால் வாசிப்பது போல் இருந்தது. சிக்னலில் நின்றபோதும் கார் உறுமியது. பக்கத்தில் சைக்கிளில் நின்ற ஒரு பெரியவர் இவன் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்துத் தலையை ஆட்டி மறுத்தார்.

மெதுவாகப் போக முடியாத அந்த நிலையில்தான் வேகத்தடை வந்தது.

தாழ்த்திய கார். அதற்கும் கீழே தொங்கும் சாமியார். 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நிற்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் பொறி பறந்தது. மச்சான் பயந்துபோய் தூரத்தில் வந்துகொண்டிருந்தான்.

போன்.

"இதுவும் ஒரிஜினலா?" என்றாள் மனைவி.

விசில் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கிப் பார்த்தான். சாமியாரைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கி ஒன்று உடைந்து, ஒரு பக்கம் தரையில் படுத்திருந்தார். வயிற்றில் கையளவு பள்ளம். கட்டுவதற்குக் கயிறு உதவாது, சூட்டில் எரிந்துவிடும். காருக்குள் தேடினான். வெள்ளைக் கோட்டை உருவிச் சீட்டில் போட்டுவிட்டு, ஹேங்கரை முறுக்கி நிமிர்த்தி, சாமியாரைத் தூக்கிக் கட்டினான். கட்டும்போது கை சுட்டது. ஊதிக்கொள்ளக்கூட நேரமில்லை. எஞ்சின் அணைந்து போயிருந்தது.

மனைவி இறங்கி வந்து நின்றாள். கையைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினாள்.

"வித்துட்டா நிம்மதியா இருக்கலாம்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பான்.

பரிசோதனை மையத்தில் நீண்ட வரிசை. வைத்தியர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காருக்குள் புகுந்தார். பெரிய இன்ஜெக்டருக்கென்று காலை வரை இருந்த கணக்கையே திரும்ப ஏற்றினார். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். துளையில் இன்னும் கொஞ்சம் பேஸ்ட் அப்பினார். கார் பூனைக்குட்டி மாதிரி ஆனது. அதாவது, காலையில் விசில் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆனது. பிறகு குனிந்து சாமியாரைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"பாஸாகாதாண்ணே?"

"நான் கிளம்பறேன். ஆபீசர் என்னைப் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசர் ஒல்லியாக, இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தார். சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது போன்ற முகம். விசிலுக்கு முன்னால் போன மூன்று பேரையும் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவரை ஹாரன் சத்தம் பிடிக்கவில்லை என்று அனுப்பினார். மனைவியும் மச்சானும் தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

விசிலின் முறை வந்ததும் ஆபீசர் புகை சோதித்தார். குறை இல்லை. சத்தத்தை அளக்கும் கருவியைப் பின்னால் வைத்தார். அதிலும் குறை இல்லை. "நல்லா மிதிச்சு விடுங்க" என்றார். விசில் மிதித்தான். விட்டான்.

டர்போவில் தேங்கிய காற்று வெளியேறி, பெரிய மூக்கு ஒன்று தும்மியது போல் 'ப்ஸ்ஸ்ஸ்' என்றது. சாமியாரை நினைத்துக்கொண்டே இருந்ததில், அந்தக் காற்றை வெளியே விடும் வால்வைக் கழற்ற மறந்திருந்தான்.

"அது என்ன சத்தம்?"

"எது சார்?"

"இப்ப கேட்டுச்சே."

விசில் சீட்டில் கிடந்த வெள்ளைக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "சில பேருக்குக் காதுக்குள்ளேயே அப்படி ஒரு சத்தம் கேக்கும் சார். நான் அந்தத் தொழில்தான். கவலைப்பட ஒண்ணுமில்ல. ஒருநாள் கிளினிக் பக்கம் வாங்க, பாத்துடலாம்."

ஆபீசர் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விசில் தன் காரை விற்று, ஏழு சீட்டு வண்டியில் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

அவர் வண்டிகளைக் கீழிருந்து பார்ப்பதற்கான குழிக்குள் இறங்கினார். காருக்கு அடியில் டார்ச் வெளிச்சம் அலைந்தது. ஒரு இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். 'டொக் டொக்' என்று விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

"சைலென்சர்ல பள்ளம் இருக்கு. எப்ப பட்டது?"

"இன்னைக்குக் காலைலதான் சார். வேகத்தடை."

"பாத்து ஓட்டக் கூடாதா?"

"தப்புதான் சார்."

"கொக்கி எங்க?"

"உடைஞ்சு போச்சு சார்."

"கம்பியில கட்டியிருக்கீங்க. இதைக் கட்டறதா? இப்படியா கட்டுவாங்க?" குரல் லேசாக நடுங்கியது. இவ்வளவு கோபப்படும் ஆளிடம் இனி என்ன பேசுவது? விசில் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தான். மனதுக்குள் காரிடம் விடைபெற்றான்.

ஆபீசர் மேலே ஏறி வந்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். மேஜைக்குப் போனார். முத்திரை விழும் சத்தம் பெஞ்ச் வரைக்கும் கேட்டது.

பாஸ்.

தூரத்தில் மச்சானின் விரலில் சாவி சுற்றுவதை நிறுத்தியது. மனைவி எழுந்து நின்றாள். முதலில் நம்பாமல், பிறகு தலையில் லேசாக அடித்துக்கொண்டு சிரித்தாள். சொன்ன சொல் மாறமாட்டாள். கார் இனி வீட்டில்தான். அண்ணனிடம் ஏதோ சொல்லிவிட்டு இவனை நோக்கி நடந்து வந்தாள். விசில் காரை விட்டு இறங்கிக் கூத்தாடலாமா என்று யோசித்தான். காலை எடுத்தால் அணைந்துவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

ஆபீசர் சான்றிதழை ஜன்னல் வழியாக நீட்டினார். விசில் பிடித்தான். அவர் விடவில்லை. மனைவி எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஜன்னலுக்குள் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சாயந்திரம் கழட்டினதும் அந்தப் பள்ளத்த தட்டி எடுத்து, கொக்கி வெல்டு வெச்சு, வைத்தியர்கிட்ட குடுத்துடுங்க தம்பி. நாளைக்கு என் வண்டிக்கு முறை. பாக்க வர்ற ஆபீசர் என்னை மாதிரி இல்ல, ரொம்பக் கறாரான ஆளு."