பேர் மட்டும் வேணாம்

நன்கொடை கொடுப்பவர்களில் எத்தனையோ ரகம் உண்டு. கல்வெட்டில் பெயர் கேட்பவர் ஒரு ரகம். அவரால் தொல்லையில்லை, பெயரைப் பொறித்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவார். நான் சொல்ல வந்தது வேறொருவரை: 'பேர் மட்டும் வேணாம்' ஆசாமி. கொடுப்பார், கொடுத்தது யார் என்று தெரியக்கூடாது என்பார், நிஜமாகவே தெரியாமல் போய்விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமலிருக்க அவர் விடமாட்டார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனை எடுத்து நடத்திய சுப்பராயன் இந்த ரகத்தில் முதல் தரம். கேன்டீன் ஒப்பந்தம் முடிகிற சமயம் பார்த்துத் தேர்தல் வந்தது. ஜெயிக்கிறவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் அடுத்த ஒப்பந்தம் கைக்கு வரும் என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயிக்கப்போவது சபரிநாதனா, கனகாம்பாளா? அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். சுப்பராயன் யோசித்து யோசித்து, சபரிநாதனுக்குக் கம்பெனி வாசலில் ஒரு பேனர், கனகாம்பாளுக்கு எதிர்ச்சாரியில் ஒரு பேனர் என்று முடிவெடுத்தார்.

அதில்தான் சிக்கல். பெயர் வெளியே வந்தால் இவருக்கு வைத்தது அவருக்குத் தெரிந்துவிடும். வராவிட்டால் வைத்ததே தண்டம். ஊருக்குத் தெரியாமல், ஊர் முழுக்கத் தெரிய வேண்டும். சுப்பராயன் கேட்டது அவ்வளவுதான். இதைப் பேராசை என்று சொல்ல முடியுமா?

பஜாரில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருப்பவள் மெர்சி. அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"பேர் இல்லாம அடிக்க மாட்டேண்ணா. எலெக்ஷன் டைம்ல யாரு அடிச்சது, யாரு அடிக்கச் சொன்னதுன்னு கீழ இருந்தே ஆவணும். இல்லாட்டி என் கடைய இழுத்து மூடிடுவாங்க."

"என் பேர் வேணாம்மா. நமக்கு இன்னாத்துக்கு விளம்பரம்? 'அன்பு உள்ளங்கள்'னு போடேன்."

"அன்பு உள்ளங்களுக்கு அட்ரஸ் இன்னா?"

சுப்பராயன் தாடையைத் தடவினார். அவருடைய கேன்டீனில் பரோட்டா மாஸ்டராக இருந்த ஸ்டீவன் நினைவுக்கு வந்தான். எதையும் ஏனென்று கேட்காத நல்ல பிள்ளை. மாவுக் கையோடு ஒரு கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவான்.

"ஸ்டீவன்னு போட்டுடு."

"ரெண்டுக்குமேவா?"

"எழுத்த எறும்பு சைஸுல போடும்மா. யாரு குனிஞ்சி படிக்கப் போறான்?"

பேனர்கள் எழும்பின. அன்று முதல் சுப்பராயன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஷிப்ட் பஸ் வருகிற நேரமெல்லாம் வாசலில் நின்று, பேனரை அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி அண்ணாந்து பார்த்து, "அடேங்கப்பா, யாரோ புண்ணியவான் வெச்சிகீறான்" என்று பக்கத்திலிருப்பவரிடம் வியந்து, அவர் 'யார்' என்று கேட்கும்வரை நகராமல், கேட்டதும் தொண்டையைக் கனைத்து, "அத வுடு, யாரா இருந்தா இன்னா" என்று சிரித்து, அப்படியும் புரியாதவனிடம், "நான்னு யாருகிட்டயும் சொல்லிகினு திரியாத" என்று தோளில் தட்டுவார். காய்கறிக்காரரிடம் சொன்னார். ஷேர் ஆட்டோக்காரரிடம் சொன்னார். தூங்குகிற செக்யூரிட்டியை எழுப்பிச் சொன்னார். இந்தப் பக்கத்து ஆளிடம் வாசல் பேனரைப் பற்றி மட்டும், அந்தப் பக்கத்து ஆளிடம் எதிர்ச்சாரிப் பேனரைப் பற்றி மட்டும். ரகசியம் காக்கத் தெரிந்த மனுஷன்.

ஒரு நாள் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குச் சபரிநாதன் திறந்த வேனில் ஓட்டுக் கேட்டு வந்தார். வழக்கம்போல் பின்னாலேயே தேர்தல் கமிஷன் பறக்கும் படையின் ஜீப், வீடியோ கேமராவோடு. சுப்பராயன் வெளுத்த சட்டையும் வேட்டியுமாக, பேனருக்குப் பக்கத்தில், தற்செயலாக நிற்பவரைப் போல ஒரு மணி நேரமாக நின்றிருந்தார்.

வேட்பாளர் பேனரில் முதலில் பார்ப்பது தன் முகத்தை. அடுத்தது, எதிராளியின் பேனர் தன்னுடையதைவிடப் பெரியதா என்று. மூன்றாவதாகக் கடைசி வரியைப் படிப்பார், எறும்பு சைஸில் இருந்தாலும் படிப்பார். இது சுப்பராயனுக்குத் தெரிந்திருக்கவில்லை, பாவம்.

"யாருப்பா ஸ்டீவன்?" மைக்கில் கேட்டார் சபரிநாதன்.

அடுப்படியிலிருந்து ஸ்டீவனை நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து வேனில் ஏற்றினார்கள்.

"நீதானா நைனா? அவனவன் பேர் போட பயந்துகினு ஒளியறான். நீ தெகிரியமா போட்டுகீற!"

"நான் பரோட்டா மட்டுந்தாங்க போட்டேன்" என்றான் ஸ்டீவன்.

"பாத்தியா அடக்கத்த! இவன மாதிரி ஆளுதாம்பா வேணும்." சால்வை விழுந்தது. கைதட்டல் எழுந்தது. "அட்த்த வாட்டி கேன்டீன நீயே எடுத்து நடத்து. நான் பேசறேன்."

தன் பேனர், தன் சால்வை, தன் கேன்டீன் மூன்றும் மாவுக் கையோடு ஒருவன் தோளில் போய் ஏறியதை சுப்பராயன் கண்ணாலேயே பார்த்தார். எந்த மனிதன் பொறுப்பான்? வேட்டியை மடித்துக்கொண்டு வேனில் ஏறினார். மைக்கைப் பிடுங்கினார்.

"நான் வெச்சதுங்க அது! இவனுக்கு ஒண்ணும் தெரியாது! நம்பலன்னா மெர்சிகிட்ட கேளுங்க, எதிர்ல இருக்கிற அந்தப் பேனரும் நான் வெச்சதுதான்!"

சபரிநாதன் எதிர்ச்சாரிப் பேனரில் சிரித்துக்கொண்டிருந்த கனகாம்பாளைப் பார்த்தார். பிறகு சுப்பராயனைப் பார்த்தார். பறக்கும் படை அதிகாரி புவனேஸ்வரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"ரெண்டுமே நீங்கதானா சார்? கேமராவப் பாத்து இன்னொரு வாட்டி சொல்லுங்க. பேரோட."

நீங்களோ நானோ என்றால் ஓடியிருப்போம். சுப்பராயன் காலரைச் சரிசெய்துகொண்டார். தலையை ஒருமுறை கோதினார். தகப்பனார் பெயரோடு, ஊர்ப்பெயரோடு, கணீரென்று சொன்னார்.

தேர்தல் முடிந்தது. கேன்டீன் ஸ்டீவனுக்குப் போயிற்று. இரண்டு பேனரிலும் பெயர் இருந்தவனாயிற்றே, ஊரறியச் சால்வையும் விழுந்தாயிற்றே; ஜெயித்தவரும் தோற்றவரும் அவனைத் தங்கள் ஆள் என்றே நினைத்தார்கள். அடுத்தவன் பெயரில் பேனர் வைத்ததற்குச் சுப்பராயன் மேல் வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் அவர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது முறை கூப்பிடும்வரை அவர் உள்ளே போவதில்லை என்று கேள்வி.

சிரிக்கிறீர்கள். இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்கிறீர்கள். சிரியுங்கள், சந்தோஷம். உங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் சொல்லாமல் நீங்கள் வாங்கிக் கொடுத்த மின்விசிறியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அது எனக்கு எப்படித் தெரியுமா? நன்றாயிருக்கிறது. நீங்கள்தானே சொன்னீர்கள்!