பரிமாறும் அறக்கட்டளை

அடி அண்ணாமலை,
புதன்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள இராமலிங்கம் மாமாவுக்கு,

அருணாதேவி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், மாடும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் மல்லாட்டை மண்டியின் கடலை வியாபாரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பௌர்ணமியன்று மாலை "அரிசி வாங்கியாந்துடறேன்" என்று வண்டியை எடுத்த நீங்கள் இன்னும் திரும்பி வரவில்லை. நான் அழைத்தால் போனையும் எடுப்பதில்லை. எடுத்தாலும் என் முதல் வாக்கியம் முடிவதற்குள் உங்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். அதனால்தான் கடிதம். கடைசிவரை படித்தால்தான் புரியும்படி எழுதியிருக்கிறேன்.

ஹங்கேரியில் ஒரு வருடம் நாட்டார் கதைகளைப் படிக்க நான் விண்ணப்பித்ததை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா உங்களிடம் மட்டும் சொன்னார். அதன்பின் உங்கள் கீழ்பென்னாத்தூரில் தெரியாதவர் இல்லை. மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் ஒரு தனியார் அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்கிறது. கடைசிச் சுற்று, வீட்டுக்கே வந்து நேர்காணல். கிரிவலத்தையும் பார்த்துவிடலாம் என்று அவர்கள் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தார்கள். வரவேற்புக்கு ஒரு பிளெக்ஸ் அடித்துத் தருகிறேன் என்றீர்கள். "பண்பாட்டுப் பரிமாற்ற அறக்கட்டளை" என்ற பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அச்சுக்கடையில் அதைப் படித்துப் பார்த்து, "பரிமாற்ற" என்பது எழுத்துப்பிழை என்று முடிவுசெய்து, "பரிமாறும்" என்று திருத்தினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அகராதியும் பாதி உங்கள் பக்கம்தான். கிரிவலப் பாதையில் சோறு பரிமாறாத அறக்கட்டளையை நீங்கள் கண்டதே இல்லை. அடியில் "அனைவரும் வருக" என்று போட்டது மரியாதை. "முற்றிலும் இலவசம்" என்று போட்டது என் படிப்பைக் குறித்து. ஆனால் இவை மூன்றும், நீங்கள் கைகூப்பி நிற்கும் படத்தோடு, பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையைப் பார்த்த நம் வாசலில் தொங்கியபோது வேறு பொருள் கொடுத்துவிட்டன.

ஹங்கேரியிலிருந்து மார்கித் அம்மையாரும் சென்னை அலுவலகத்திலிருந்து பிரசாத் சாரும் வந்து உட்கார்ந்தார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அம்மையார். எனக்கு எப்போதுமே கடினமான கேள்வி அது. தயாரித்து வைத்திருந்த பதிலில் பாதி வாக்கியம் போயிருப்பேன், ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. "ஏம்மா, பந்தி போடறீங்களா, இல்ல தட்டுலயே குடுத்துடுவீங்களா?" பிரசாத் சார் எழுந்து போய், "ஐயா, இது பரிமாற்றம்ங்க, நாங்க கல்வி குடுக்கறவங்க" என்றார். "கல்விய அப்பறமா குடுங்க சார், இப்ப சாம்பார் சாதமா, தக்காளி சாதமா, அதச் சொல்லுங்க" என்றார் அவர். அவருக்குப் பின்னால் வரிசை பால் சொசைட்டி வரை நீண்டிருந்தது. அது கோணாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள். "லேடீஸ் இந்தாண்ட, லேடீஸ் இந்தாண்ட" என்ற குரல் உள்ளே கேட்டது. போர்டைக் கழற்றிவிடுங்கள் என்று நான் வந்து சொன்னபோது, "கழட்டுனா அசிங்கம் பாப்பா, காலு நோவ நடந்து வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பலாமா?" என்றீர்கள். அம்மாவும் அதையேதான் சொன்னார். விருந்தினர்களுக்குச் சமைத்தது முதலில் போயிற்று. பிறகு வீட்டு அரிசி போயிற்று. பிறகு நீங்கள் போனீர்கள்.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு குண்டான் சோறு கொண்டுவந்தார்கள். மார்கித் அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டார். நேர்காணல் அண்டாவுக்குப் பக்கத்திலேயே தொடர்ந்தது. கரண்டி அவர் கையில், தட்டு என் கையில். "வெள்ளக்காரம்மா ரொம்ப கம்மியா வெக்கிறாங்க, ஜாஸ்தியா வெக்கச் சொல்லு" என்று எனக்கு இடையிடையே சிபாரிசுகள் வந்தன. ஒரு வருடம் அந்நிய ஊரில் தனியாக இருக்க முடியுமா என்று அம்மையார் கேட்டார். பிரசாத் சார் அதை அம்மாவுக்காகத் தமிழில் உரக்கச் சொன்னார். வரிசையிலிருந்த ஒரு அம்மாள், "தனியாவா? பொண்ணுக்கு என்ன வயசாவுது? இன்னும் கட்டிக் குடுக்கலயா?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "யம்மா, உனக்கு சாதம் வேணுமா, சம்பந்தம் வேணுமா? நகருமா" என்றார். தனியாக இருக்க முடியும் என்று சொன்னேன். அன்றைக்கு அதைவிட மனப்பூர்வமான பதில் எதையும் நான் சொல்லவில்லை.

இருவரும் மகிழ்ச்சியாகத்தான் கிளம்பினார்கள். நேற்று முன்தினம் மின்னஞ்சல் வந்தது. வேறோர் அறக்கட்டளையில் பொறுப்பு வகிப்பவர் விண்ணப்பிக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. "உங்கள் இல்லத்தில் ஓர் அறக்கட்டளை சிறப்பாக இயங்குவதை நேரில் கண்டோம். அதில் தங்கள் பொறுப்பு என்ன? வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும்." பிரசாத் சாரைப் போனில் கூப்பிட்டேன். "மேடம், போட்டோல போர்டு இருக்குது, சாப்டறவங்க இருக்காங்க, தலைவர் கைகூப்பிக்கினு நிக்கறாரு. அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு நான் எப்படிங்க எழுதறது?" என்றார். அவர் சொல்வது நியாயம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். "அப்படி ஓர் அறக்கட்டளை இல்லை, இருந்ததும் இல்லை, பலகையில் உள்ள சொல் என் திருத்தம்" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேறெதையும் சேர்க்க வேண்டாம். எதையும் திருத்தவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வேன்காரர் கருப்பன் நீங்கள் எழுதி முடிக்கும்வரை மண்டியிலேயே காத்திருப்பார். இது வேண்டும், அது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை, உங்களுக்கே தெரியும். ஹங்கேரிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், மாமா. அதை ஒருமுறை எழுதிவிடுகிறேன். இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அண்ணாமலையார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைவான யோசனைகளையும் அருளட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மருமகள்,
அருணாதேவி

பின்குறிப்பு: கருப்பன் வேனைக் கிளப்பிக்கொண்டு நிற்கும்போது அம்மா வந்து சொல்கிறார், நேற்று நீங்கள் அவரிடம் போனில் பேசினீர்களாம். "போர்டு வெச்சி சோறு போட்டாச்சிக்கா, பதிவு பண்ணலன்னா நாளைக்கு யாரானா கேள்வி கேப்பாங்க" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அறக்கட்டளையைப் பதிவே செய்துவிட்டீர்களாம். தலைவர் நீங்கள், பொருளாளர் அம்மா, செயலாளர் நான். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "நல்ல சேதிய அவனே நேர்ல வந்து சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். ஆகவே மேலே கேட்ட பக்கத்தை எழுத வேண்டாம். இனி அது பொய். அறக்கட்டளையின் முதல் கூட்டத்தைச் செயலாளர் என்ற முறையில் இன்று மாலையே நம் வீட்டில் கூட்டுகிறேன். பொருள் ஒன்றுதான்: செயலாளரின் ராஜினாமா. கருப்பன் வேனிலேயே ஏறி வந்துவிடவும். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். என்னைப் பாராட்டிப் பேச வேண்டாம்.