ஐம்பது நீலப் பேனாக்கள்

எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஒரு பேனாகூடத் திருடு போகவில்லை.

போதாக்குறைக்கு இரண்டு கூடியிருந்தன. இன்ஸ்பெக்டர் மறுபடி எண்ணினாள். ஐம்பத்திரண்டு.

குற்றவியல் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் பெயர். ஆனர்ஸ் பட்டத்துக்கான ஆய்வேட்டுக்குத் தலைப்பு, 'காவலில்லாத பொருளும் சில்லறைத் திருட்டும்'. அத்தை வேலை பார்க்கும் அலுவலகத்தில், ஜனங்கள் விண்ணப்பம் நிரப்பும் மேசையில், கயிறு கட்டாமல் ஐம்பது பேனாக்களை வைத்திருந்தாள். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று, அங்கே ஊழியர்களுக்குக் கொடுக்கும் அதே நீலப் பேனா. தினமும் காலையில் வந்து எண்ணுவாள்.

முதல் நாள் அத்தை, பெருக்க வரும் அக்காவிடம் சொல்லி வைத்தாள். "எங்க பொண்ணோட படிப்பே இந்தப் பேனாவுலதான் இருக்கு. கொஞ்சம் பாத்துக்கம்மா."

பேராசிரியர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திருட்டே இல்லாம திருட்டைப் பத்தி என்னம்மா எழுதுவ?"

"ஜனங்க நல்லவங்களா இருக்காங்க சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது? புதன்கிழமைக்குள்ள ஒருத்தனாவது கெட்டுப் போகணும். இல்லேன்னா உனக்கு அடுத்த வருஷம்தான் பட்டம்."

மேசையைத் தூணுக்குப் பின்னால் தள்ளினாள். மறுநாள் ஐம்பத்தைந்து. 'எழுதியபின் திரும்ப வைக்கவும்' என்ற அட்டையைக் கிழித்துப் போட்டாள். அறுபது.

வீட்டில் அத்தை வேறு. "ஒரு வாரமா கையில ஒரு பேனா தங்கல. எல்லாம் என் நேரம்."

"என் மேசையிலேர்ந்து ஒண்ணு திருடிக்குங்களேன் அத்தை. புண்ணியமாப் போகும்."

"நீயே சொல்லி எடுத்தா அது எப்படிடி திருட்டாகும்?"



புதன்கிழமை காலை அறுபத்து நான்கு. வேறு வழியில்லாமல் திருட்டை அவளே தொடங்கி வைத்தாள். ஆறு பேனாக்களை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது.

வரிசையில் நின்ற பெரியவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "பத்திரம்மா. உலகம் கெட்டுக் கிடக்கு."

அவ்வளவுதான். ஆறையும் மேசையில் திரும்பக் கொட்டிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வந்தாள். "என்ன கண்ணு, எதுவும் குறைஞ்சுடுச்சா?"

"குறையலையேக்கா! ஒண்ணுகூடக் குறையல. குறைஞ்சாத்தான் எனக்குப் பட்டமே."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"குறையணுமா? அடப் பாவமே! முத நாள் சாயங்காலமே ஐம்பதும் போச்சு கண்ணு. நீ அழுதுடுவியேன்னு, தினமும் மூணு மாடி டிராயரையும் தொறந்து, உங்க அத்தை பேனாவோட சேத்து, ரெண்டு மூணு கூடவே கொண்டாந்து நான்தான் வைக்கிறேன்!"